வண்டும் விலைச்சீட்டும்

இரண்டாந் தவணையின் இறுதி வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டபின் பஸ் தரிப்பிடத்தில் நின்ற நம்மிடம் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓடிவந்து, தன் தமையனின் கைத்தொலைபேசியை நீட்டினான். திரையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் மரத்தூள், மரத்தூளின்மேல் உள்ளங்கையை மறைக்கக்கூடிய ஒரு கொம்பு வண்டு. ஹேர்க்குலிஸ் வண்டு என்பது அதன் பெயர். மத்திய அமெரிக்க, தென்னமெரிக்கக் காடுகளுக்கு உரியது. ஆண் வண்டு கொம்போடு சேர்த்து ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் வரை வளரும். ஐரோப்பிய நகரமொன்றில் உணவகத்தில் வேலை செய்யும் அவனுடைய மாமன், வேலை முடிந்து வந்து வீட்டின் நிலவறையில் இவ்வண்டுகளை வளர்க்கிறாராம். புழுக்களை விற்கவும் செய்கிறாராம்.

"சேர், மாமா ஆவணியில வாறார். ஒரு சோடி கொண்டுவரட்டோ எண்டு கேட்டவர். வளர்க்கலாமோ?"

"வேண்டாம் தம்பி" என்றோம்.

"ஏன் சேர்?"

பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்த மறுமொழியில் கால்வாசி கூட அன்று சொல்லி முடியவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் இதைப் பேசியபோதோ, நம் நண்பர்கள் மூவர் மூன்று திசையில் நம்மை மறித்தனர். ஒருவர், "வண்டுதானே, விடுமன்" என்றார். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர், "டார்வின் வண்டு பிடித்துத்தானே டார்வின் ஆனார்? பிள்ளையின் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளுகிறீர்" என்று குற்றஞ்சாட்டினார். மூன்றாமவர் சொன்னதுதான் நம்மை உறுத்திற்று. "ஆட்களையே காணாமல் ஆக்கின நாட்டில, வண்டுக்கு வழக்குப் பேசுறதுக்கு உமக்கு நேரம் இருக்குது!" என்றார் அவர்.

இக்கட்டுரை அம்மாணவனுக்குச் சொல்லாமல் விட்ட முக்கால்வாசி. நண்பர்கள் மூவருக்கும் உரிய மறுமொழியும் இதிலேயே அடங்கும்.

இந்த வாணிகம் எங்கே வேர்கொண்டது என்பதை முதலில் பார்ப்போம். கொம்பு வண்டையும் மான்கொம்பு வண்டையும் பிடித்து வளர்ப்பது யப்பானியச் சிறுவரின் பழைய கோடைகால விளையாட்டு. பாட்டனார் தோப்புக்கு அழைத்துச் செல்வார், மரத்தில் ஊறும் பாலுக்கு வண்டு வரும், சிறுவன் பிடிப்பான், கோடை முடியுமுன் வண்டு இறக்கும் அல்லது பறக்கும். இதில் நமக்கு எவ்வித வழக்கும் இல்லை. ஆனால் தோப்புகள் நகரமாயின. பாட்டனார் இருந்த இடத்தில் பேரங்காடி வந்தது. வண்டு பெட்டியிலும், அதன் உணவு சிறு கிண்ணங்களில் அடைத்த பாகாகவும் விலைக்கு வந்தன. 1999ஆம் ஆண்டு யப்பானிய அரசு, அதுவரை தாவரப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டிருந்த அந்நிய வண்டுகள் பலவற்றின் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் 80 மில்லிமீற்றர் நீளமான உள்நாட்டு மான்கொம்பு வண்டு ஒன்று ஒரு கோடி யென்னுக்கு விலைபோயிற்று. 2003இல் வண்டுகளை மோதவிடும் விளையாட்டுப் பொறி ஒன்று கடைதோறும் வைக்கப்பட்டது. அதன்பின் இந்தோனேசியத் தீவுகளும் தாய்லாந்து மலைகளும் தென்னமெரிக்கக் காடுகளும் அச்சிறுவருக்குச் சரக்குக் கிடங்குகள் ஆயின. ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கில் வண்டுகள் விமானம் ஏறின.

"காட்டிலிருந்து பிடிப்பதில்லை, வீட்டிலேயே இனம்பெருக்குகிறோம், காட்டுக்கு இதனால் என்ன கேடு?" என்பது வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. சந்தையின் இயல்பை அறியாதவர் இதனை நம்பிவிடுவர். ஒரு கோடி யென் கொடுத்து வாங்கப்பட்ட அதே இனத்தின் கதியைப் பாருங்கள். காளான் ஊட்டிய மரத்தூளைப் போத்தலில் அடைத்து அதற்குள் புழுவை வளர்க்கும் முறை பரவியதும் அவ்வினம் மலிந்தது. விலை பாதாளத்தில் வீழ்ந்தது. எளிதில் பெருகும் பொருளுக்குச் சந்தையில் மதிப்பேது? ஆகவே வியாபாரிக்குப் புதிய இனம் வேண்டும். அதற்குப் புதிய மலை வேண்டும். வீட்டில் பெருக்கியவனுக்கோ, இரத்தம் தேயாதிருக்கக் காட்டிலிருந்து புதுச் சோடி வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் இப்படி ஒரு காடு நின்றுகொண்டே இருக்கிறது. பொலிவியாவின் ஈரமலைகளில் மட்டும் வாழும் சாத்தான் வண்டு என்ற இனத்தை 2010ஆம் ஆண்டு சர்வதேச வன உயிரின வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது ஏன்? யானையும் கிளியும் இடம்பெறும் பட்டியல் அது. வீட்டில் பெருக்கும் வித்தை காட்டைக் காப்பாற்றியிருக்குமாயின், ஒரு வண்டுக்கு அங்கே என்ன வேலை?

யப்பானின் தேசியச் சுற்றாடல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளே தங்கள் நாட்டாரை எச்சரித்தனர். சுமாத்திரா வண்டும் யப்பானிய வண்டும் கூடிக் கலப்பினம் ஈனுகின்றன என்பதையும், அந்நிய வண்டுகளின் உடலில் ஒட்டுண்ணிச் சிற்றுண்ணிகள் கூடவே வந்து இறங்குகின்றன என்பதையும் அவர்கள் காட்டினர். சிறுவன் சலித்துப்போய்த் திறந்துவிடும் பெட்டி ஒன்று போதும். இலட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தீவுதோறும் தனித்தனியே வளர்ந்த வேறுபாடு, சில தலைமுறைகளில் கரைந்துபோகும்.

"யப்பானியன் பாடு அவனுக்கு, யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு என்ன வந்தது?" என்று வாசகர் கேட்கலாம். நமக்கு வந்தது உண்டு. நம்மிடமிருந்து போனதும் உண்டு. இக்கதையை நம் பாடநூல்கள் சொல்வதில்லையாதலால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நம் தென்னந்தோட்டக்காரர் அனைவரும் அறிந்தது காண்டாமிருக வண்டு. கருமையாக, தலையில் ஒற்றைக் கொம்போடு, இரவில் விளக்கைத் தேடி வந்து சுவரில் மோதி விழும். தென்னையின் குருத்தைத் துளைத்து உள்ளே புகும். பின்னர் அக்குருத்து விரியும்போது ஓலையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல வடு தெரியும். நுனிமொட்டே சிதைந்துவிட்டால் மரம் செத்துப்போகும். உக்கிய தென்னங்குற்றியிலும் எருக்குவியலிலும் முட்டையிட்டுப் பெருகும். பனையையும் இது விடுவதில்லை. ஆயினும் இங்கே அதற்கு எதிரிகள் உண்டு; நோய்கள் உண்டு. தோட்டக்காரன் நுனியில் கம்பி விட்டுக் குத்தி எடுப்பான்; எருக்கிடங்கைக் கிளறிப் புழுவைக் கோழிக்குப் போடுவான். இழப்பு உண்டு, ஆனால் ஊர் அழிவதில்லை.

1909ஆம் ஆண்டு இவ்வண்டு பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள சமோவாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. பறந்து போகவில்லை, கப்பலில் போயிற்று. சமோவா அப்போது ஜெர்மானியக் குடியேற்ற நாடு. இலங்கையோ ஆங்கிலேயரின் தோட்டம். பிரேசிலில் இருந்து எடுத்துச் செல்லப்பட்டு இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்ட இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்கு அருகில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்தே இலங்கை இறப்பர் நாடாயிற்று. அந்த இறப்பரின் இலாபத்தில் தமக்கும் பங்கு வேண்டுமென ஜெர்மானியத் தோட்டத்துரைமார் இலங்கையிலிருந்து இறப்பர்க் கன்றுகளைச் சமோவாவுக்குத் தருவித்தனர். கன்றோடு வண்டும் போயிற்று.

அங்கே அதற்கு எதிரியும் இல்லை, நோயும் இல்லை. தென்னையே சமோவா மக்களின் சோறு, நீர், கூரை, கயிறு, காசு அனைத்தும். பனை நமக்கு எதுவோ அதுவே அவர்க்குத் தென்னை. வண்டு அத்தென்னைகளைத் தின்னத் தொடங்கிற்று. தோட்டத்துரைமார் என்ன செய்தனர்? வண்டையும் புழுவையும் தேடிப் பொறுக்கும் வேலையை ஊர்மக்கள் மீது கட்டாயமாகச் சுமத்தினர். முதலாம் உலகப் போரில் ஜெர்மானியர் போய் நியூசிலாந்துக்காரர் ஆள வந்தபின்னும் அக்கட்டாயம் நீங்கவில்லை. இறப்பரின் இலாபம் ஒருவனுக்கு. வண்டு பொறுக்குவது இன்னொருவனுக்கு! குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரத்தை விளக்க நாம் வகுப்பில் எத்தனையோ உதாரணங்களைத் தேடியதுண்டு. இதைவிடச் சுருக்கமானது கிடைக்கவில்லை.

வண்டு அங்கேயே நின்றுவிடவுமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், பலாவுத் தீவுகளை அடைந்தது; பத்தாண்டுக்குள் அங்கிருந்த தென்னைகளில் ஏறத்தாழப் பாதி அழிந்தன. 1963இல் ஜெர்மானிய விஞ்ஞானி அலோய்ஸ் ஹூகர், மலேசியாவில் இவ்வண்டின் புழுவைக் கொல்லும் வைரசு ஒன்றைக் கண்டறிந்தார். 1967இல் அது சமோவாவில் பரப்பப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுத் துயரம் ஓரளவு தணிந்தது. அதுவும் முடிவாகவில்லை. 2007இல் குவாம் தீவில் தலைகாட்டிய வண்டு, அவ்வைரசுக்கு இலகுவில் அடங்காத வகையைச் சேர்ந்தது. 2013இல் ஹவாய்க்கும், 2015இல் சொலமன் தீவுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. நூறாண்டு கடந்தும் நம் நாட்டு வண்டைப் பிறநாட்டு ஏழைகள் இன்றும் பொறுக்கிக்கொண்டிருக்கின்றனர்.

மாணவனின் மாமன் வளர்க்கும் ஹேர்க்குலிஸ் வண்டு நாளையே நம் பனங்குருத்தைத் துளைக்கும் என்று நாம் பயங்காட்டவில்லை. 1909இல் கன்றுகளைப் பொதிசெய்தவனும் தான் என்ன அனுப்புகிறான் என்பதை அறிந்திருக்கவில்லை. அறியாமல் போன ஒன்றே இத்தனை செய்ததென்றால், அறிந்தே, ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டி, தபாலிலும் பயணப்பையிலும் அனுப்புவதற்குப் பொறுப்பாளி யார்? நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. யப்பான் கதவைத் திறந்த அதே 1999ஆம் ஆண்டில் இலங்கை 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. விவசாயத் திணைக்களத்தின் அனுமதியின்றி உயிருள்ள பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவரல் ஆகாது. கட்டுநாயக்காவில் பயணப்பையைத் திறக்கும் அதிகாரிக்கு மரத்தூளுக்குள் புதைந்த புழு தெரியுமா என்பது வேறு விடயம்.

இனி, டார்வினைச் சாட்சிக்கு அழைத்த நண்பருக்கு வருவோம். டார்வின் கேம்பிறிட்ஜில் படித்த காலத்தில் வண்டுப் பித்துப் பிடித்து அலைந்தவர் என்பது உண்மை. இரு கையிலும் இரு வண்டுகள் இருக்க, மூன்றாவதைக் கண்டதும் கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கக்கிய எரிநீரால் நாக்கு வெந்து துப்பிய கதையை அவரே எழுதியிருக்கிறார். அந்த இளைஞன்மீது நமக்கு அன்பே உண்டு. அல்பிரட் றஸல் வாலஸ் மீது அதனினும் அதிகம். அவர் செல்வரல்லர். 1854 முதல் 1862 வரை மலாயத் தீவுக்கூட்டத்தில் காய்ச்சலோடும் பசியோடும் அலைந்து அவர் சேர்த்த 1,25,660 மாதிரிகளில் 83,200 வண்டுகள். அவற்றை இலண்டனில் ஒரு முகவர் விற்றுக் கொடுத்த பணமே அவருக்குச் சாப்பாடு. அப்பசியோடுதான் அவர் இயற்கைத் தேர்வைக் கண்டார். பின்னாளில் தம்மைச் சோசலிசவாதி என்றும் அறிவித்துக்கொண்டார். ஆனால் அந்த மாதிரிகளில் எத்தனையோவற்றைக் காட்டில் இறங்கிப் பிடித்தவன் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞன். அருங்காட்சியகத்தின் விலைச்சீட்டிலும் பெயர்ச்சீட்டிலும் அலி இல்லை.

வாலஸ் தந்த கொடை அறிவு. அவருடைய மாதிரிகளை வாங்கிய சீமான்கள் தந்தது என்ன? வண்டு அவர்களுக்கு அலங்காரம். 1903ஆம் ஆண்டு டில்லித் தர்பாரில் வைசிராய் கர்சனின் மனைவி அணிந்த மயிலாடையை நினைவுகூருங்கள். தங்க வெள்ளி இழைகளால் இந்தியக் கைவினைஞர் இழைத்த மயிற்பீலிகளின் ஒவ்வொரு கண்ணிலும் பதித்திருந்தது மரகதமன்று, பொன்வண்டின் சிறகோடு. பிறசல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்து விதானத்தில் 2002இல் பதிக்கப்பட்டவை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொன்வண்டுச் சிறகுகள். ஆசியாவில் உணவுக்காகப் பிடிக்கப்பட்டவற்றின் எச்சம் அவை என்கிறார்கள்; அப்படியே இருக்கட்டும். கொங்கோ நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக வைத்து உறிஞ்சிய இரண்டாம் லியோபோல்ட் பெருக்கிக் கட்டிய அரண்மனை அது என்பதை மட்டும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அந்தச் சீமான்களின் வாரிசுகள் இன்றும் வருகின்றனர். 2008இல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலாத் தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சிகளைப் பிடித்த செக் நாட்டவர் இருவர் கைதாகித் தண்டிக்கப்பட்டனர். அவருள் ஒருவர் வண்டுப் புழுக்களில் நிபுணர். அவருக்காக உலக விஞ்ஞானிகள் பலர் மனுவில் ஒப்பமிட்டனர். 2025இல் கென்யாவில், ஏறத்தாழ ஐயாயிரம் எறும்புகளைப் பரிசோதனைக் குழாய்களில் பஞ்சடைத்து வைத்திருந்த பெல்ஜியத்து இளைஞர் இருவருக்கு ஆளுக்குப் பத்து இலட்சம் சில்லிங் தண்டம் விதிக்கப்பட்டது. வளர்ப்புப் பிராணியாக எறும்புக்கும் இன்று ஐரோப்பாவில் சந்தை உண்டு! நம் நாட்டிலோ, 2024 மே மாதம் யால வனத்தில் இத்தாலியத் தந்தையும் மகனும் பிடிபட்டனர். வீதியோரத்தில் நின்ற சந்தேகத்துக்குரிய காரைப் பற்றியும், வலையோடு காட்டுக்குள் போன இருவரைப் பற்றியும் வனக்காவலருக்குச் சொன்னவர் ஒரு சபாரி ஜீப் சாரதி. போத்தல்களில் கிடைத்தவை 92 இனப் பூச்சிகள். வண்ணத்துப்பூச்சிகளும் அவற்றுள் அடக்கம். அவ்வாண்டு செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபா.

தண்டத்தின் தொகையைப் பார்த்து நம் பத்திரிகைகள் வியந்தன. நம்மை வியக்கவைத்தவர் அந்தச் சாரதியே. அவர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்றவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தன் காட்டில் அந்நியன் வலையோடு நுழைவது ஏதோ சரியில்லை என்ற உணர்வு அவருக்கு இருந்தது. அந்த உணர்வை நம் வகுப்பறைகள் ஊட்டுகின்றனவா?

"கிராமத்து ஏழைக்கு வண்டு பிடித்து நாலு காசு கிடைக்கிறதே" என்போர்க்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மலைச்சரிவில் விளக்கு வைத்துப் பிடிப்பவன் கையில் விழுவது சில்லறை. நகரத்துக் கடையில் அது நூறு மடங்கு. இவ்வகை வருமானத்தின் இலட்சணத்தைத் தேயிலைக் கொழுந்து பறிப்பவளிடம் கேட்டறியலாம்.

நாமும் வண்டு பிடித்தவர்களே என்பதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவது நேர்மையன்று. நம் தலைமுறையில் பொன்வண்டு வளர்க்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை யார்? மாரி மழை விழுந்து வேலமரமும் உடைமரமும் தளிர்க்கும்போது பொன்வண்டு வரும். வெற்று நெருப்புப்பெட்டியில் நாலு தளிர் வைத்து அதனை அடைப்போம். கழுத்துக்கும் முதுகுக்கும் இடையே ஈர்க்கு நுழைந்தால் கத்தரித்துவிடும் என்று ஒருவரையொருவர் அச்சுறுத்துவோம். ஒரு பொன்வண்டுக்கு இரண்டு போளை என்பது நம் வகுப்பின் விலை; ஆகவே நாமும் விலைச்சீட்டு ஒட்டியவர்களே. வண்டு பெட்டிக்குள் அரிசிபோல முட்டையிடும். குஞ்சு பொரிக்குமென நாட்கணக்காகத் திறந்து திறந்து பார்ப்போம். ஒருமுறையாவது பொரித்ததில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, ஏழு வயதான நம் காற்சட்டைப் பையிலும் ஒரு நெருப்புப்பெட்டி இருந்தது. தென்மராட்சியில் ஒரு கோயில் மண்டபத்தில் விடியற்காலை அதைத் திறந்தோம். பெட்டி நனைந்து கூழாகியிருந்தது, வண்டு உயிரோடிருந்தது. அம்மா அதை வெளியே விடச் சொன்னார். விட்டோம்.

முட்டை ஏன் பொரிக்கவில்லை என்பதை அறிய நமக்கு இருபது ஆண்டுகள் சென்றன. பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வாழ்வது. மண்ணும் வேரும் இல்லாத பெட்டியில் அதற்கு எதிர்காலம் இல்லை. நாம் கண்ட சில வாரத்துப் பச்சை மினுக்கம் அதன் ஆயுளின் கடைசி அத்தியாயம் மட்டுமே. இதை எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லவில்லை. பெட்டியைக் கண்டால் பறித்து யன்னலால் எறிந்தார்கள். சிலர் பிரம்பும் எடுத்தார்கள். விஞ்ஞானப் பாடத்தில் வண்டின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துப் புள்ளி வாங்கினோம். யன்னலுக்கு வெளியே எறியப்பட்டதும் யன்னலுக்கு உள்ளே வரையப்பட்டதும் ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

தமிழ் கற்ற நாமும் குற்றவாளிகளே. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று நம் பழம்புலவர் பிரித்துப் பிரித்துப் பாடினர். அவர்களுக்குப் பின்வந்த உரைகாரர் "வண்டின் சாதி" என்று ஒரு சொல்லில் முடித்து மேலே போயினர். பல்கலைக்கழகத்தில் நாமும் அவ்வாறே எழுதிச் சித்தியடைந்தோம். உலகில் பெயரிடப்பட்ட வண்டினங்கள் மட்டும் சுமார் நான்கு இலட்சம்; மின்மினியும் அவற்றுள் ஒன்று என்பதை நம் பட்டதாரிகளில் எத்தனை பேர் அறிவர்? அந்த வெறுமைக்குள் ஹேர்க்குலிஸ் வண்டு வந்து அமர்கிறது. தன் ஊர் வண்டின் பெயர் தெரியாத பிள்ளைக்குத் தென்னமெரிக்க வண்டின் நீளம் மில்லிமீற்றர் கணக்கில் தெரிகிறது; விலையும் யூரோவில் தெரிகிறது. விஞ்ஞான நண்பரே, நீர் ஆர்வம் என்று சொன்னது இதுவாயின், அதை முளைக்கவைத்தது நம் ஆய்வுகூடமன்று. எங்கோ இருக்கும் வியாபாரியின் காணொளி. அந்த முளையைக் கிள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிடுங்கி நம் மண்ணில் நடச் சொல்கிறோம். டார்வினின் பித்து அவருடைய ஊர் மரப்பட்டைக்கு அடியில் தொடங்கியது என்பதை அவர் கதையைச் சொல்லும்போது சேர்த்துச் சொல்லுமாறும் வேண்டுகிறோம்.

மூன்றாவது நண்பர் கேட்டதற்கு நாம் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய கேள்வியுமன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் படங்களோடு இருக்கும் நாட்டில், பூச்சிக்காக ஒருவன் பேனா எடுப்பது கூச்சத்துக்குரியதுதான். ஆனாலும் நண்பரே, ஒன்றை எண்ணிப் பாரும். 1990இல் மக்களை எழுப்பிவிட்டு வேலியடைத்த வலிகாமம் வடக்கு நிலம், ஆண்டுகள் பல கழித்துத் துண்டுதுண்டாக விடுபட்டபோது, வீடிருந்த இடமெல்லாம் பற்றைக்காடாகக் கிடந்தது. திரும்பிய சனம் பற்றையை வெட்டிற்று. வெட்டாமல் எங்கே குடியிருப்பது? அதைக் குறைசொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் கிணறு எங்கே, எல்லைக்கல் எங்கே என்று தேடிய ஒரு முதியவர் நம்மிடம் சொன்னார்: "மரங்களை வச்சுத்தான் தம்பி காணியைப் பிடிச்சனான்." புளியும் இலுப்பையும் பனைவடலியும் அவருக்கு உறுதிப்பத்திரமாயிருந்தன. ஒரு நிலத்தில் எது முளைக்கிறது, எது ஊர்கிறது, எது எப்போது வருகிறது என்று அறிந்திருப்பதும் அந்நிலம் நம்முடையது என்பதற்கு ஒரு சாட்சி. அந்த அறிவை இழந்தவனிடம் காணியைப் பறிப்பது இலகு. வண்டுக்கு வழக்குப் பேசுகிற நேரம் தாய்மாரின் வழக்கிலிருந்து களவெடுத்த நேரமன்று.

நம் பாடசாலைகளுக்கு நாம் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். நெருப்புப்பெட்டியைப் பறிக்கும் ஆசிரியர், பறித்ததை எறியாமல் மேசையில் வைத்து, இது என்ன தின்னும், எங்கே முட்டையிடும் என்று வகுப்பைக் கேட்கட்டும். பின்பு பிள்ளையைக் கொண்டே பிடித்த மரத்தில் விடுவிக்கட்டும். பாடசாலை வளவில் வேலி ஓரத்து நாலு உடைமரத்தை, "சிரமதானம்" என்ற பெயரில் வருடாவருடம் தறிக்காமல் விடட்டும். அந்நிய வண்டு வளர்ப்பைப் பொழுதுபோக்கென்று புகழ்ந்து சஞ்சிகைப் பக்கம் நிரப்புவோர், அச்செய்தியின் கீழ் சமோவாவின் கதையையும் ஒரு பத்தி போடட்டும். புலம்பெயர்ந்த உறவினருக்கும் ஒரு சொல்: ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு நல்ல உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டுவாருங்கள். அதைச் சுங்கத்தில் யாரும் தடுப்பதில்லை.

மாணவனின் மாமன் ஆவணியில் வந்துபோனார். வண்டு கொண்டுவரவில்லை. மருமகன் எழுதிய கடிதம் நீளமானதாக இருந்ததாகவும், சமோவாவைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதே இல்லையென்றும் நம்மிடம் சொன்னார். நல்ல மனிதர், பன்னிரண்டு மணிநேரம் பிறர் சமையலறையில் நின்றுவிட்டு வந்து, உயிருள்ள ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டவர். சிறுவயதில் தாமும் பொன்வண்டு வைத்திருந்ததை நினைவுகூர்ந்து, அது இப்போதும் வருகிறதா என்று கேட்டார்.

அன்றிலிருந்து மாணவனின் கேள்வி மாறிவிட்டது. "அப்ப, அந்தப் புழு எந்த மரத்து வேரில இருக்கும் சேர்?" என்று நச்சரிக்கத் தொடங்கினான். இரண்டு சனிக்கிழமை, நாலு மாணவரும் ஒரு மண்வெட்டியுமாகப் பாடசாலைக்குப் பின்னுள்ள வெளியில் இறங்கினோம். வெள்ளைப் புழுக்கள் சில கண்டோம்; அளந்து, வரைந்து, திரும்ப மண்ணை மூடினோம். வேர்களுக்குக் கிட்ட மேலும் தோண்டினால் மரம் வாடும் என்று மாணவனே தடுத்துவிட்டான். மழை விழுந்து வண்டு மேலே வரும்போது எந்த மரத்தடியிலிருந்து வருகிறது என்று பார்ப்பதே சரியான வழி என்பது அவனுடைய யோசனை. மூன்று உடைமரங்களின் அடியில் அடையாளத்துக்குக் கல் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை இன்னும் பிடிக்கவில்லை.